மேலே பார்த்தால் ஆம்

நாரினில் அன்று மைனஸ் இருபத்தாறு.
மருத்துவமனைக் குழாய் உறைந்துபோய்
பனியை உருக்கித்தான் கை கழுவினோம்,
கிர்கிஸ் நாட்டின் ஆறு மூலைகளிலிருந்து
பயிற்சிக்கு வந்திருந்த ஆறு பேரும்.
வெள்ளைக் கோட்டை ஆணியில் மாட்டச் சொன்னார்கள்.
ஸ்டெதஸ்கோப்பும் வெளியே.
அது இல்லாத என் கழுத்து
யாரோ ஒருத்தியின் கழுத்தாக இருந்தது.

எங்கள் பாடப் புத்தகம் இந்தப் பிள்ளைகளுக்கு
அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது.
அதிலும் பாதி, படம்.
படத்துச் சிறுவனின் கண்கள்மேல்
கறுப்புப் பட்டை.

எர்மெக்குக்கு ஒன்பது வயது.
கம்பளி விரிப்பில் ஒருக்களித்துக் கிடந்து
வசப்படும் ஒரே கையால்
பிளாஸ்க் மூடியைச் சுழற்றுகிறான்.
அது தள்ளாடி, தாளம் தப்பி, விழுந்து ஓயும்வரை கேட்கிறான்.
மறுபடி சுழற்றுகிறான்.

"எத்தனை நாளாகத் தலையை முட்டிக்கொள்கிறான்?"
அவனைத் தாண்டி அவன் தாயிடம் கேட்டேன்.
"அவன் இங்கேதான் இருக்கிறான், டாக்டர்"
என்றாள் புருல்சா.

மேலே பார்த்தால் ஆம்.
கண்ணை மூடினால் இல்லை.
அவ்வளவுதான் அவன் இலக்கணம்.

கேட்டேன். பதில் வரவில்லை. அடுத்ததைக் கேட்டேன்.
மூலையில் மக்சாத் கடிகாரத்தோடு உட்கார்ந்து
தாளில் குறித்தான்: 2. 2. 1. 3.
அவனும் என்னோடு படிப்பவன்தான்.
என் பொறுமையை அளப்பது
அன்றைக்கு அவன் வேலை.

ஐந்தாவது கேள்வி: வலிக்கிறதா?
வாயை மூடிக்கொண்டேன்.
நான்கு. கெட்டில் முனகியது.
ஏழு. அவன் கழுத்து நரம்பு புடைத்தது,
மாடிக்கு மூட்டை ஏற்றுபவனுக்குப் புடைப்பதுபோல.
ஒன்பதில் எனக்கு நாக்கு அரித்தது.
பதினொன்றில்
கண்கள் கூரைக்குப் போயின.

வயிறா? காத்திருந்தேன். இல்லை.
காதா? இல்லை.
பல்லா?

அனுமதி கேட்டு, வாங்கி, வாயைத் திறந்தால்
கீழ்க் கடைவாயில் வேர்க்கடலை அளவு
சீழ்க்கட்டி.

இப்படிப்பட்ட பிள்ளைகள் முட்டிக்கொள்வது வழக்கம்தான் என்று
மூன்று மாதத்தில் மூன்று டாக்டர்கள்
எழுதிக் கொடுத்த சீட்டுகள்
புருல்சாவின் பையில் மடிப்புக் கலையாமல் இருந்தன.
ஒவ்வொன்றாக விரித்து வைத்தாள்.
மூன்றாவது கையெழுத்தின் வால்
இடப்பக்கம் வளைந்து கீழே ஒரு கோடு.
பேனாவை அப்படி இழுப்பது
நான்.

அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கும்.
தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.
சர்க்கரைக் கிண்ணத்தையும் நகர்த்தி வைத்தாள்.

பல் மருத்துவருக்கு ஃபோன் போட்டேன்.
"அசையாமல் இருப்பானா?"
"கேட்டுவிட்டுத் தொடுங்கள். கேட்டபின் காத்திருங்கள்."
ஒரே நாளில் உபதேசம் வந்துவிட்டது எனக்கு.
மக்சாத் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

மதிப்பீட்டுத் தாளின் கடைசிக் கட்டம்:
இந்த டாக்டர் மறுபடி வரலாமா?
அதை நிரப்ப வேண்டியவன் எர்மெக்.
புருல்சா அவனுக்கு வாசித்துக் காட்டினாள்.
மக்சாத் கடிகாரத்தை அழுத்தினான்.

மூடி சுழன்றுகொண்டிருந்தது.
பதினாறு.
பதினேழு.