மண் போய்ச் சேரும் இடம்

பாலேக் பூலாவ். மூன்று நாள் மழை விட்ட திங்கள்.
என் மேசையில் அறுபத்திரண்டு பாரங்கள்,
பாதிக்கு மேல் சேற்று விரல் பதிந்தவை.
அவசரகால நிலப் பாதுகாப்பு உதவித்தொகை
என்று மேலே தடித்த எழுத்து.
அவசரத்துக்குக் கீழே பொடி எழுத்தில்:
தொண்ணூறு வேலை நாட்கள் ஆகும்.

மேட்டில் திலகமணி. நாற்பத்தொரு சாதிக்காய் மரம்,
கொஞ்சம் கிராம்பு, ஓரமாய்ச் சேனை.
கீழே போ சூனின் டுரியான் தோப்பு.
சனி விடியலில் மேட்டின் ஒரு பக்கம்
அப்படியே கழன்று கீழே போயிருக்கிறது.
ஒரு சாதிக்காய் மரம் மட்டும்
சாயாமல், காய் உதிர்க்காமல் இறங்கி வந்து
போ சூனின் குளியலறைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இழந்த மண், கன மீட்டரில்?
திலகமணி பென்சிலால் எழுதியிருந்தாள்:
முந்நூறு. குறைக்கச் சொன்னால் இருநூற்றெண்பது.
நில உரிமை? தற்காலிக உரிமம்.
வருஷா வருஷம் புதுப்பித்த தற்காலிகம்,
ரப்பர் வளையம் போட்ட முப்பத்தெட்டு ரசீது.
சட்டப்படி அவளுக்கு நிலம் இல்லை.
இல்லாத நிலத்திலிருந்து மண் எப்படிப் போகும்?
நிராகரிப்பு முத்திரையில் மை நிறைய இருந்தது.

போ சூனிடம் கிராண்ட் இருக்கிறது.
வந்து விழுந்த மண்ணை அகற்ற
லோரிக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கணக்கு.
ஆக, எங்கிருந்தும் புறப்படாத முந்நூறு கன மீட்டர்
ஓரிடத்தில் வந்து சேர்ந்துவிட்டது.
அதிகாரியிடம் சொன்னேன்.
‘கணினி ஏத்துக்குதில்ல?’ என்றவர்
கோப்பி ஓ குடிக்கப் போனார்.

அகற்றிய மண் கொட்டப்படும் இடம்:
எல்லாரும் ஜெலுத்தோங் குப்பைமேடு என்றுதான் எழுதுவார்கள்.
போ சூன் ஒரு லாட் எண்ணை எழுதியிருந்தான்.
திங்கட்கிழமை நான் முத்திரை குத்திய எண்.

‘மேலேயா?’

‘ஏன், லோரி மேடு ஏறாதா?’
நாங்கள் பேசியது மலாயில்.
‘அவளுக்கும் எனக்கும் பேச்சில்லை,
பன்னிரண்டு வருஷம், ஓடைத் தண்ணித் தகராறு.
இப்பவும் பேசப்போறதில்லை.
அவ மண் என் டுரியான் வேரை அழுத்துது,
எடுத்துக்கட்டும். அந்த மரத்தைத் தரமாட்டேன்.
அது தானா நடந்து வந்தது.’

விதி ஒன்பது சொல்கிறது:
கொட்டும் இடம், அகற்றும் இடத்திலிருந்து
இருநூறு மீட்டருக்குக் குறையக் கூடாது.
வியாழன் காலை ஐம்பது மீட்டர் நாடாவோடு போனேன்.
உடன் வரவேண்டிய பையனுக்கு டெங்கிக் காய்ச்சல்.
மேல் நுனியைப் பிடிக்கத் திலகமணி,
கீழ் நுனிக்குப் போ சூன்.
ஒவ்வொரு ஐம்பதுக்கும் ஒரு குச்சி நட்டு
மூவரும் அடுத்த ஐம்பதுக்கு ஏறினோம்.
அவள் குச்சியைப் பார்த்தாள்.
அவன் அட்டை ஏறிய தன் கணுக்காலைப் பார்த்தான்.

விறைப்பாய்ப் பிடித்தால் நூற்றெண்பத்தெட்டுதான் வரும்.
வரைபடத்தில் முந்தின இரவே பார்த்துவிட்டேன்.
இழுத்துப் பிடியுங்கள் என்று சொல்வது என் வேலை.
நாடா இரண்டு பேருக்கும் நடுவில்
துணி காயப்போட்ட கொடிபோலத் தொய்ந்து
சேனை இலைமேல் கிடந்தது.
யாரும் இழுக்கவில்லை.

இருநூற்று மூன்று என்று எழுதினேன்,
பேனாவால்.