பதினேழாம் மேசை

தராசுக்கு முத்திரை குத்துவது என் அரசாங்க உத்தியோகம்.
வருஷத்துக்கு ஒருமுறை மனாகுவாவில் பஸ் ஏறி
எஸ்தெலிக்கு வருவேன், எடைக்கல் பையோடு.
சுருட்டு எனக்கு ஆகாது. நெஞ்சு இழுக்கும்.

இந்தத் தடவை மூன்று தராசும் நேராக நின்றன.
பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.
"சுற்றிப் பார்க்கிறீர்களா?" என்றாள் இல்ஸே அர்குவேயோ,
குடும்பத்தின் நான்காம் தலைமுறை,
கொண்டையில் கணக்குப் பேனா.

சுவரில் குடும்பம்.
கொள்ளுத்தாத்தா கோவேறு கழுதைமேல்,
அவர் தம்பி பீப்பாய்மேல்.
மூன்றாவது ஆணியில் படமில்லை.
"எதிர்க் கம்பெனிக்குப் போனவர்."
ஆணியை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று
நான் கேட்கவில்லை.

அடுத்த அறையில் இலைகள்
ஆளுயர அடுக்காக, நெருப்பே இல்லாமல்
உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தன.
கண் கரித்தது.
ஒருவன் முழங்கைவரை உள்ளே விட்டு
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டவன்போல்
முகம் சுளித்தான்:
நாளைக்கே புரட்ட வேண்டும்.

பிறகு பெரிய கூடம். ரேடியோவில் பேஸ்பால்.
மேசைக்கு இருவர்.
ஆண் உள்ளிலை கூட்டி உருட்டி அச்சில் அடுக்குவான்,
பெண் எடுத்து மேலிலை போர்த்துவாள்,
பிறைக்கத்தியால் நுனி நறுக்குவாள்.
எங்கும் பேச்சு, ஸ்கோர், சிரிப்பு,
யார் வீட்டுப் பிள்ளைக்கோ பல் முளைத்த சேதி.

பதினேழாம் மேசையில் மட்டும் ஒன்றுமில்லை.
எலியேசர் உருட்டுகிறான்.
யாவோஸ்கா போர்த்துகிறாள்.

"கோர்ட்டில் பிரிந்து மூன்று வாரம்," இல்ஸே குரலைத் தணித்தாள்.
"வேறு மேசை தருகிறேன் என்றேன்.
இரண்டு பேருமே மாட்டேன் என்றார்கள்."
சமாதானம் ஆகிவிடுமோ?
"சமாதானமாவது! இங்கே சுருட்டுக் கணக்கில் கூலி.
அவன் கைப்பிடி அவளுக்கு அத்துப்படி.
புது ஆள் என்றால் நாளுக்கு நாற்பது குறையும்."

வீடு அவளுக்கு, மோட்டார்சைக்கிள் அவனுக்கு.
நாய் விஷயத்தை நீதிபதி மறந்துவிட்டாராம்.
பகலெல்லாம் தொழிற்சாலை வாசலில் கிடக்கிறது,
வரும்போது தாண்டித்தான் வந்தேன்.

ஓர் உருளையை எடுத்த யாவோஸ்கா
கட்டைவிரலால் அழுத்தினாள், நின்றாள்,
அவன் முன்னால் வைத்தாள்.
பிரித்தான். நடுவில் ஒரு காம்பு.
உருவிப் போட்டுவிட்டு மறுபடி உருட்டினான்.
யார் முகமும் மாறவில்லை.

மூலையில் காற்று இழுத்துப் பார்க்கும் இயந்திரம்.
பதினேழின் சுருட்டைச் செருகினார்கள்,
முள் நட்டநடுவே போய் நின்றது.
"பேச்சு நின்றபிறகு கழிவே இல்லை,"
என்றாள் இல்ஸே, பேனாவை உருவியபடி,
கொஞ்சம் வெட்கத்தோடு.

சங்கு ஊதியதும் வெளியே வந்தேன்.
மோட்டார்சைக்கிள் மேற்கே போனது,
அவள் குடையைப் பிடித்துக் கிழக்கே நடந்தாள்.
நாய் எழுந்து உடம்பை உதறி
என் பின்னால் வந்தது.
பையில், எடைக்கற்களுக்கு நடுவே,
வீட்டுக்கு வாங்கிய பாலாடைக்கட்டி.

பஸ் நிறுத்தத்தில், போ என்றேன்.
எந்தப் பக்கம் என்று அது
என்னையே பார்த்தது.