ஒதுங்க ஓரிடம்

ஐலண்ட் பே பேருந்து கடைசியாகத் திரும்பும் முனையில்
கிரேயம் தன் கடைக்கு வைத்திருக்கும் பெயர்
லெ பெத்தி குவான்.
சின்ன மூலை என்று நினைத்துத்தான் வைத்தார்.
பலகைக்கு நீலம் பூசி, எழுதி, ஆணியடித்து
மூன்று மாதம் கழித்து
லியோனிலிருந்து வந்த ஒருத்தி
வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம்:
அவள் ஊரில் அப்படிச் சொன்னால் கழிப்பறை.
கிரேயம் பலகையைக் கழற்றவில்லை.
"ரெண்டுமே மனுஷன் ஒதுங்கத்தானே."
பிரான்ஸை அவர் பார்த்ததில்லை.
தெற்கே கோர் என்ற ஊரில்
இருபது வருடம் செம்மறி ரோமம் கத்தரித்த கை,
வெங்காயத்தை அதே பொறுமையில் வதக்குகிறது.

சனிக்கிழமை. பன்னிரண்டரை.
ஃபெனெல்லா எனக்கு முன்பே வந்து
சன்னலோர மேசையைப் பிடித்திருந்தாள்.
என் அக்கா எதையும் பிடித்தால் விடமாட்டாள்.
அதைப் பற்றித்தான் பேச வந்திருந்தோம்.
அப்பாவின் படகு
சன்னலில் தெரிகிறது, இடமிருந்து ஏழாவது,
சிவப்பு வெளுத்து ஈறு நிறத்துக்கு வந்துவிட்டது.
வாங்குகிறவர் அனுப்பிய விலைத்தாள் என் சட்டைப்பையில்.
கீழே இரண்டு கையெழுத்துக்கு இரண்டு கோடு.

"முதலில் சாப்பிடுவோம்" என்றாள்.
"முதலில் சாப்பிடுவோம்" என்றேன்.
இதில் மட்டும் நாங்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

வெங்காய சூப் மண்கிண்ணத்தில் வந்தது,
மேலே சீஸ் உருகி, ஓரம் கருகி.
கரண்டியால் குத்தியதும் மேசை ஆடியது.
நான் முழங்கையை வைத்தால் அவள் பக்கம் எழும்பும்;
அவள் ரொட்டியைப் பிய்த்தால் என் பக்கம் எழும்பும்.
அப்பா இருந்திருந்தால்
நடுவில் வந்து உட்காருங்கள் என்று கத்தியிருப்பார்.

கொண்டையில் பென்சில் செருகியபடி அனாஹெரா வந்தாள்.
"ஒரு கால் குட்டை. ஏதாவது காகிதம் இருக்கா?"
என் கை எப்படிச் சட்டைப்பைக்குப் போனது
என்று இன்றுவரை தெரியவில்லை.
இரண்டாக மடித்தாள், நான்காக, எட்டாக.
அளவெடுத்த மாதிரி இருந்தது.
குனிந்து செருகினாள்.
மேசை நின்றது.
ஃபெனெல்லா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு
ரொட்டிக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்தாள்,
விளிம்பு வரைக்கும், ஒரு பொட்டு விடாமல்.

அதற்கப்புறம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.
ஒரு வாளி கருஞ்சிப்பி வந்தது.
காலிச் சிப்பியையே இடுக்கியாக்கி
அடுத்ததைப் பிடுங்கித் தின்றோம்,
விரலெல்லாம் பூண்டு.
பக்கத்து மேசைக் குழந்தை ஓர் ஆலிவை
நக்கிப் பார்த்து நாய்க்குக் கொடுத்தது.
நாயும் நக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தது.
குறுக்கெழுத்துக்காரர் தலை தூக்காமல்
"ஐந்தெழுத்தில் ஒரு பறவை" என்றார்.
கடை முழுக்கப் பறவைகளைச் சொன்னது;
சமையலறையிலிருந்தும் இரண்டு பறந்து வந்தன.
ஒன்றும் கட்டத்தில் உட்காரவில்லை.

இரண்டு மணிக்குத் தெற்குக் காற்று கிளம்பியது.
மழை நின்றுகொண்டு பெய்யவில்லை, படுத்துக்கொண்டு பெய்தது.
யாரும் எழுந்திருக்கவில்லை.
கிரேயம் கதவில் 'மூடியாயிற்று' அட்டையைத் திருப்பிவிட்டு
எங்களோடு உள்ளே மாட்டிக்கொண்டவர் போல
ஆப்பிள் டார்ட்டை வெட்டி எல்லார் தட்டிலும் வைத்தார்.

ஏழாவது படகு குதித்துக்கொண்டிருந்தது.
"கயிறு தாங்குமா?" என்றேன்.
"புதன்கிழமைதான் போய் இறுக்கிவிட்டு வந்தேன்."
நான் வியாழக்கிழமை போயிருந்தேன்.
அதைச் சொன்னேன்.
இருவரும் கொஞ்ச நேரம் டார்ட்டைப் பார்த்தோம்.
நல்ல டார்ட்.

நான்கு மணிக்கு வெளியே வந்தபோது
தெரு கழுவிக் கவிழ்த்த தட்டு போல இருந்தது.
தாளின் ஞாபகம் எனக்குப் பேருந்தில் வந்தது.
அவளுக்கு எங்கே வந்ததோ, கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதே மேசை.
ஆடவில்லை.
குனிந்து பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.
குறுக்கெழுத்துக்காரரிடம்
"அந்தப் பறவை கிடைத்ததா?" என்று கேட்டேன்.
"அது பறவையே இல்லை" என்றார் அவர்.
"கேள்வியை நான்தான் தப்பாகப் படித்துவிட்டேன்."