மாவு

பெய்ப்சி ஏரிக்கரையில்
ஐம்பது வருஷமாக வெங்காயம் போடுகிறவன் நான்.
தார்த்து ஆஸ்பத்திரியில் கொடுத்த குப்பியில்
வெங்காயத் தோலின் சத்து இருக்கலாம்,
வெறும் மாவும் இருக்கலாம்;
எனக்கு எதுவென்று
கொடுத்தவளுக்கே தெரியாதாம்.

பஸ்ஸிலேயே ஒன்றைப் பிரித்து முகர்ந்தேன்.
வீட்டில் வெந்நீரில் கொட்டினேன்.
ஈஸ்டர் முட்டைக்கு ஏறுமே அந்தச் செம்பழுப்பு,
துளிகூட இறங்கவில்லை.
இருந்தும் விழுங்கினேன்,
காலை ஒன்று, ராத்திரி ஒன்று.

எட்டாவது வாரம்.
கைப்பட்டை இறுக்கியது, பெருமூச்சு விட்டது.
நூற்று அறுபத்துநாலு இருந்த இடத்தில்
நூற்று ஐம்பது.
"என்னவோ வேலை செய்யுது, ஸினோவி!"
நர்ஸ் மாரெட்டுக்கு முகமெல்லாம் சிரிப்பு.
என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

நான் வாய் திறக்கவில்லை.

கொட்டகையில் சாக்குச் சாக்காய்த் தோல்
காற்றுக்குச் சலசலக்கிறது.
அடுத்த புதன் வரச் சொல்லியிருக்கிறாள்.
தாடியைச் சீவ வேண்டும்.