மூணு தரம்

அறுப்பின் பண்டிகை ஏலத்தில்
பதினோரு வருஷம் முதல் பொருள் எனக்குத்தான்.
ஒற்றை எலுமிச்சம்பழம்.
ஐந்நூறில் தொடங்கும். நான் பத்தாயிரம் என்பேன்.
செயலாளர் மைக்கில் என் பேரை
மூணு தரம் சொல்லுவார்:
லாரி செட் தவசிக்கனி,
லாரி செட் தவசிக்கனி,
லாரி செட் தவசிக்கனி.
கோபுரத்துக் குழாயின் வாய்
தேரிப் பக்கமாய்த் திரும்பியிருக்கும்.
செம்மணல் தாண்டி அடுத்த ஊர்வரை கேட்கும்;
அதற்கும் மேலே உள்ள ஊருக்கும்
கேட்கும் என்றே நினைத்திருந்தேன்.

அந்தப் பழங்களை ஒருநாளும் பிழிந்ததில்லை.
காரின் முன்கண்ணாடிக்குக் கீழே
காய்ந்து, கறுத்து,
கோலிக்குண்டுபோல் உருளும்.

இந்த வருஷம் சாத்தான்குளம் பஸ்ஸில் வந்தேன்.
லாரி மூன்றையும் பைனான்ஸ்காரன் ஓட்டிப்போய்விட்டான்.
வீடு பேங்குக்குப் போனது.
பையில், திரும்பிப்போக இருபத்திரண்டு ரூபாய்.
கையில் முருங்கைக்காய் நாலு,
வாடகை வீட்டுக் கொல்லையில் பறித்து
வாழைநாரில் கட்டியது.
முன்வரிசையில் என் இடத்தில் யாரோ.
செருப்புகள் கிடக்கும் வாசலோரம்
பாயில் உட்கார்ந்தேன்.
அங்கிருந்து பீடம் தெரியாது.
ஒரு தூண் தெரியும், தூணில் ஒரு பல்லி.

ஏலம் வேப்பமரத்தடியில்.
வாழைத்தார் போனது. கருப்பட்டிச் சிப்பம் போனது.
கால் கட்டிய சேவல் ஒன்று
விலை ஏற ஏறக் கூவிக்கொண்டே போனது.
பிறகு என் முருங்கைக்காய்.
"நாலு காய். இருவது ரூவா. யாராவது கேளுங்க."
யாரும் கேட்கவில்லை.
"பத்து?"
பின்னால் ஒருத்தி சிரித்தாள். என்னைப் பார்த்தல்ல,
மடியில் கிடந்த பிள்ளை ஏதோ செய்திருக்கும்;
ஆனாலும் காது சுட்டது.
பழைய பழக்கம், வாய் தானாய்த் திறந்தது,
என் காணிக்கையை நானே கேட்டுவிட.
பையைத் தொட்டுப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"நூறு."
கோயில்பிள்ளை எலியேசர்.
மணிக்கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கையை
முழுசாய்க்கூடத் தூக்கவில்லை.

அவன் சம்பளம் எனக்குத் தெரியும்.
கமிட்டியில் அதை ஏறவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான்.
அவன் வீட்டுக்காரிக்கு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
ஆப்பரேசன் என்று வந்து நின்றபோது
நாளைக்கு வா என்றேன்.
மறுநாளும் அதையே சொன்னேன்.
மூன்றாம் நாள் வேலையாளை விட்டுச் சொல்லச் சொன்னேன்:
முதலாளி ஊரில் இல்லை.
மாடியில் நின்று
அவன் வெயிலில் நடந்துபோவதைப் பார்த்தேன்.
ஆண்டவரே, நீர் மட்டும் அறிந்தது இது
என்றுதான் இருந்தேன்.

கூட்டம் கலைந்தபின் பக்கத்தில் வந்தான்.
"நேரமாவுதுல்லா, வாங்க அண்ணாச்சி.
ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போவலாம்."
கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை.
சோறு இறக்கி வைத்ததும்
"நீங்களே ஜெபம் பண்ணுங்க" என்றான்.

சாப்பாடு ஆறும்வரை ஜெபிக்கிறவன் என்று
சேகரம் முழுக்கப் பேர் எனக்கு.
கண்ணை மூடினேன்.
நிலத்துக்கும் மழைக்கும் தேசத் தலைவர்களுக்கும்
நான் அடுக்கிவைத்த வாக்கியங்களில்
ஒன்றும் வரவில்லை.
இரங்கும், என்றேன்.
அதற்குமேல் எதைச் சொல்லிக் கேட்பது.
பசியோடிருந்த சின்னவள்
ஆமென் போட்டு முடித்துவைத்தாள்.

எலியேசர் வீட்டுக்காரி குழம்பு ஊற்றினாள்.
என் முருங்கைக்காய்.
"அன்னைக்கி நீங்க மாடியில நின்னத
இவுக பாத்திருக்காவ.
எங்கிட்டயே போன வருசந்தான் சொன்னாவ."
"சும்மா இரி" என்றான் எலியேசர்.
அவள் சும்மா இருந்தாள்.
வாயில் வைத்த துண்டைக்
கடிக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.
வெளியே கோபுரத்திலிருந்து
குழாயைக் கழற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டா?"

எந்த வீட்டிலும் இந்தக் கேள்விக்கு
கையை விரித்து மறித்துவிடுவேன்.
கொடுக்கிறவன் சாப்பிட்டால்
அப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று ஒரு நினைப்பு.

தட்டை இரண்டு கையாலும் தூக்கி
அவள் பக்கமாய் நீட்டினேன்.