வாசிக்க மட்டும்

ஒன்பதாம் திகதி இரவு. விடிந்தால் சம்பளம்.
பொகவந்தலாவையில் மழை.
ஆபீஸ் தகரத்தின் மேல் யாரோ
மூட்டை மூட்டையாய்ச் சரளை கொட்டுகிறார்கள்.

புதிய கம்பியூட்டருக்குள்
பழைய கம்பியூட்டர் ஒன்று குடியிருக்கிறது.
எங்கள் செக்ரோல் அதில்தான் ஓடும், வேறெதிலும் ஓடாது.
அதனால் தூக்கி எறியாமல்
இதன் வயிற்றுக்குள்ளே ஒரு காம்பரா
தடுத்துக் கொடுத்திருக்கிறது கொழும்பு ஆபீஸ்.
இவ்வளவு நினைவகம், இவ்வளவு இடம்,
இதற்கு மேல் இல்லையென்று அளந்துதான்.
உள்ளே இருப்பதற்குத் தான் உள்ளே இருப்பது தெரியாது.
தனக்கென ஒரு கடிகாரம், தனக்கென ஒரு திரை
இருப்பதாகவே நினைத்து ஓடிக்கொண்டிருக்கிறது.

வெளியே இருப்பது வீட்டுக்காரர்,
உள்ளே இருப்பது விருந்தாளி.
கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
விருந்தாளி என்ற சொல்லில்
நான் கொஞ்ச நேரம் நின்றேன்.

இரண்டுக்கும் நடுவே பொதுவாய் ஒரு கோப்புறை.
தராசடியில் தட்டி அனுப்பும் கிலோக்கள்
வெளியிலிருந்து அதில் விழும்.
உள்ளிருந்து எடுத்து நான் பேர் போட வேண்டும்.
முழுப் பேர், அரைப் பேர்.
எங்கள் பக்கம் ஒருநாள் கூலிக்குப் பேர் என்று பெயர்.
கொழுந்து குறைந்தால் பேர் பாதியாகும்.

318, கனகவள்ளி, நாலாம் நம்பர் மலை,
பதினெட்டாம் திகதி: 12 கிலோ.
சிட்டை என் கையில் இருக்கிறது.
ஈரத்தில் ஊறிப் பரவிய ஊதாப் பேனையில்
இருபத்தொன்று.
இலக்கம் இரண்டும் இடம் மாறி நிற்கின்றன, அவ்வளவுதான்.
திருத்தி அழுத்தினேன்.
அனுமதி மறுக்கப்பட்டது.

இன்னொரு தரம், கொஞ்சம் பலமாக,
பலமாக அழுத்தினால் இளகுமென்பதுபோல.
அனுமதி மறுக்கப்பட்டது.

கோப்புறை தெரிகிறது. திறக்கிறது.
ஒரு வரி விடாமல் வாசிக்கலாம்.
இது யாருடையது என்று கேட்டேன்.
ரூட், என்றது. வேராம்.
என் பேருக்கு மாற்று என்று கட்டளை எழுதினேன்.
மறுக்கவில்லை, கோபிக்கவில்லை,
ஆகட்டும் என்பதுபோல அடுத்த வரிக்குப் போனது.
திரும்பக் கேட்டேன்.
ரூட்.

கொழும்பிலிருந்து லஹிரு, கொட்டாவியோடு, அவனுடைய தமிழில்:
உள்ளுக்கு இருந்து மாத்த ஏலாது மிஸ்.
கொண்டுவந்து பொருத்தின நேரமே எழுதினது.
வெளியே ஒரு சரிக்குறி இருக்கு, வாசிக்க மட்டும் எண்டு.
நான் எடுத்துவிடுறன்.

யார் போட்டது?

ஒருத்தரும் போடல மிஸ். வரும்போதே அப்பிடித்தான் வந்தது.

பிறகு என் பேரைக் குழுவில் சேர்க்கச் சொன்னான்.
சேர்த்தேன். பட்டியலின் கடைசியில்,
சின்ன எழுத்தில், யோகேந்திரி.
ஓடிப்போய்த் திருத்தினேன்.
மறுக்கப்பட்டது.

சேர்ந்த உடனே செல்லாது மிஸ்.
ஒருக்கா முழுசா வெளியே போய்ட்டு வரணும்.
அப்பதான் நீங்க யாரெண்டு அது பாக்கும்.

வெளியேறினேன்.
திரை கறுத்த அந்த ஏழெட்டு நொடி
மழை மட்டும் இருந்தது.
கீழே லயத்தில் ஒரேயொரு காம்பராவில் விளக்கு,
யாரோ சேலை மடிக்கிற நிழல்.
பேர் கேட்டது. கொடுத்தேன்.
கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன்.

12ஐ 21 ஆக்கினேன்.
ஒரு சத்தமும் இல்லாமல் எழுதிக்கொண்டது.
கனகவள்ளியின் பதினெட்டாம் திகதி
முழுசாயிற்று.

இப்போது 317ஐயும் மாற்றலாம். 319ஐயும்.
இந்தக் கோப்புறையையே அழிக்கலாம்.
இங்கே அழித்தால் குப்பைத் தொட்டிக்குப் போகாது,
வீட்டுக்காரரிடமும் இருக்காது
என்று லஹிரு சொல்லியிருந்தான்.
விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
அவை சூடாக இருந்தன.

வேலை முடிஞ்சா சொல்லுங்க மிஸ்,
குறியைத் திரும்பப் போடணும்.

பிரிண்டர் 318ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.
ஒன்றும் கேட்கவில்லை, இங்கே ஒரே மழை,
என்றேன்.