ஆறு நாள்

பன்சோடன் தெரு, மூன்றாவது மாடி.
விசிறிக் காற்றில் பறக்காதபடி ஸ்டேப்ளரை மேலே வைத்துத்
தாள்களைப் படிப்பது என் வேலை.
உளுந்தை நான் பார்ப்பதில்லை.
உளுந்து என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

இன்று தவசியப்பனின் கட்டு.
பயின்னாவ்ங் கிடங்கிலிருந்து இரண்டு கன்டெய்னர்,
ஐம்பது கிலோவாகத் தொள்ளாயிரத்து அறுபது மூட்டை,
தில்லாவாவில் ஏற்றிச் சென்னைக்கு.
இன்வாய்ஸ் சரி. எடைச் சீட்டு சரி.
வண்டுக்குப் புகை போட்ட சான்று, அதுவும் சரி.
கப்பல் ரசீதில் ‘ஏற்றியாயிற்று’ முத்திரை:
ஏப்ரல் பன்னிரண்டு.
இன்சூரன்ஸ் சான்றிதழ்:
ஏப்ரல் பதினெட்டு.

பென்சில் அங்கே நின்றது.

நடுவில் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும்.
பதின்மூன்றாம் தேதியிலிருந்து தண்ணீர்த் திருவிழா.
இன்சூரன்ஸ் ஆபீஸ் கோ ஜோ லின்
லாரி மேல் நின்று ரப்பர் குழாயில் நனைந்துகொண்டிருந்தார்;
அவருடைய முத்திரை மட்டும் இழுப்பறைக்குள் காய்ந்து கிடந்தது.
கப்பலுக்கு விடுமுறை ஏது?
நீரேற்றம் பார்த்து ஆற்றை விட்டுப் போய்விட்டது.
பதினான்கில் எங்கள் வருஷம் பிறந்தது,
பதினேழில் பர்மியர் வருஷம்.
போன வருஷம் புறப்பட்ட உளுந்துக்கு
இரண்டு வருஷப் பிறப்பு கழித்துக் கையெழுத்து.

இடையில் அந்த ஆறு நாளும்,
தாளின் கணக்குப்படி,
அந்தமானுக்கு வடக்கே எங்கோ
நாற்பத்தெட்டு டன் கறுப்பு தனியாக மிதந்தது.

தவசியப்பன் படியேறி வந்தார். வாயில் குன்யா. மூச்சு வாங்கியது.
“கப்பல் நேத்தே போய்ச் சேந்துருச்சே தங்கச்சி.
ஒரு மூட்டை நனையல. இன்னும் எதுக்குக் காப்பு?”
“எதுக்குன்னு கேக்கலண்ணே. எப்பலேர்ந்துன்னு.”
“எட்டாந்தேதியே பணம் கட்டிட்டேன்!”
“அந்த ரசீத எல்.சி. கேக்கல.”

குரலைத் தாழ்த்தினார்.
“பதினெட்டப் பன்னெண்டா மாத்தச் சொல்லிரவா?”
“வேண்டாம். தேதி அப்படியே இருக்கட்டும்.
கீழ ஒரு வரி போடச் சொல்லுங்க,
சரக்கு கிடங்க விட்டு நகந்த நேரத்துலேர்ந்தே
இந்தக் காப்பு நடப்புல இருந்துச்சுன்னு.
அது நெசந்தானே?”
“நெசந்தான்.”
“அப்ப அதயே எழுதட்டும்.”
“ரெண்டும் ஒரே இங்க்தானம்மா,” என்றார்,
கோபமா சிரிப்பா, தெரியவில்லை.

அவர் போன பிறகு நினைத்தேன்.
பழைய பாலிசிகளில் ஒரு சொல் இருந்ததாம்:
தொலைந்ததோ, தொலையவில்லையோ.
கப்பல் எங்கே என்று இருவருக்கும் தெரியாத ஒரு மாலையில்
நல்லெண்ணத்தோடு ஒப்புக்கொள்வது.
ஒருவேளை அது அப்போதே மூழ்கியிருக்கலாம்.
இருந்தாலும் சரி, புறப்பட்ட நாளிலிருந்தே நான் பொறுப்பு.

ஐந்தரை மணிக்குக் கீழ்வாசலில் அட்டை காட்ட வேண்டும்.
என்னுடையது பச்சை அட்டை.
பிறந்த தேதி ஒரு கட்டத்தில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநான்கு,
இந்த ஊர்ப் பெரியாஸ்பத்திரியில், ஒரு மழை இரவு.
வழங்கிய தேதி இன்னொரு கட்டத்தில்: இரண்டாயிரத்து எட்டு.
பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.
கைரேகை இருக்கிறது. ஒரு அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது.
காவலாளி, “அக்கா, போங்க,” என்றான். பின்னால் வரிசை.

மறுநாள் பதினொன்றுக்குத் தவசியப்பன் தாளை நீட்டினார்.
கோ ஜோ லின் டைப் அடித்திருந்தார், சற்றுக் கோணலாக,
முத்திரை புதிய ஈரத்தோடு.
‘கிடங்கை விட்டு நகர்ந்த நேரத்திலிருந்து.’
எல்.சி.யோடு ஒருமுறை ஒப்பிட்டுப் படித்தேன்.
சட்டத்துக்காக இரண்டாம் முறை.
அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க,
எந்தத் தேவையும் இல்லாமல்
இன்னொரு முறை.